ஜாம் – 2

பெட்டிக்கு எல்லாமே மறந்துபோயிருந்தது.

விடிகாலையில் பண்டமாரான் பக்கம் விழுந்த இடியில் பிஸ்கட் தொழிற்சாலைக்குக் கரண்ட் போய் வந்தது. பத்து நாளைக்கு முன்தான் ஜப்பானிலிருந்து வந்து சுவரில் ஏறியிருந்த கண்ட்ரோலர் பெட்டி, இப்போது நான்கு சிவப்புப் பூஜ்யங்களைக் காட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாத பாப்பாவாக நின்றது. பிஸ்கட்டுக்கு ஜாம் எவ்வளவு நேரம் ஊற்றுவது, பால் எவ்வளவு நேரம் தெளிப்பது, சீனி எவ்வளவு நேரம் தூவுவது, டீ மணி எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அடிப்பது என்று நான்கு டைமர்கள். நான்கும் காலி.

"உமக்குத் தெரியும்தானே, தம்புசாமி?" என்றார் மேனேஜர் வீரசிங்கம். யாழ்ப்பாணத்துப் பேச்சு. அதையும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டால் கோபம் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். "ஸ்ரீ கெம்பாங்கானுக்கு மூண்டு நாள் கோர்ஸுக்கு அனுப்பினனான்."

"தெரியும் சார். சின்ன வேலை லா!"

தெரியாது. மூன்று நாளும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, எந்த ஒட்டுக்கடையில் நாசி லெமாக் நன்றாக இருக்கும் என்பதை மட்டும் ஐயம் திரிபறக் கற்றுக்கொண்டு வந்தவன் அவன்.

"பதினொரு மணிக்குச் சிங்கப்பூரிலையிருந்து மிஸ்டர் லிம் வாறார். ஓர்டர் கிடைச்சால் நீர் சூப்பர்வைசர். லைன் ஓடாட்டி, நாளையிலையிருந்து லோரியிலை பெட்டி ஏத்தும்."

சூப்பர்வைசர் என்றால் வெள்ளைச் சட்டை. தம்புசாமியின் மனைவி புஷ்பவல்லி அவசரக்காரி. பிரிக்பீல்ட்ஸ் வரை போய்த் துணி எடுத்து, தைத்து, இஸ்திரி போட்டு, இன்றைக்கே மாட்டியும் அனுப்பிவிட்டாள். அம்மா வீட்டுக்கெல்லாம் தகவல் போயாகிவிட்டது. இனிமேல் லோரியில் பெட்டி ஏற்றுவதைவிட கேரி தீவுக்கு நீந்திப் போய் ஒளிந்துகொள்வது கௌரவம்.

நல்லவேளையாக இராமலிங்கம் அண்ணன் இருந்தார். அதாவது, இல்லை; பெட்டியை முதலில் செட் செய்த அந்த மனுஷன் நேற்றுச் சாயங்காலம் பினாங்கில் கல்யாணம் என்று பஸ் பிடிக்க ஓடிவிட்டார். ஓடும்போதே, "செட்டிங் எல்லாம் சீட்டுலே எழுதி பெட்டிக் கதவுலே சொருகிட்டேன்டா!" என்று கத்திவிட்டுப் போயிருந்தார். தம்புசாமி கதவைத் திறந்தான். சீட்டு இருந்தது. அவருடைய அதே சாய்ந்த கையெழுத்து, வழக்கம்போல மலாயில்:

ஜாம் 2
சூசூ 6
கூலா 3
தே 15

ஜாம், பால், சீனி, தேநீர். நான்கு டைமர், நான்கு வரி. தம்புசாமிக்குப் பெட்டியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

"தம்பி," என்று பின்னால் குரல் கேட்டது. பேன்ட்ரியில் டீ போடும் சீதாலெட்சுமி. "இன்னைக்கு டீ கிடையாது. கடையிலே சாமான் தரமாட்டேங்கிறாங்க. ஏன்னா—"

"அக்கா, நான் பிஸி லா! அப்புறம்!"

எண்களைப் போட்டான். அலகுக்கு ஒரே பொத்தான்தான் இருந்தது: செகண்ட், நிமிஷம், மணி. செகண்டில் வைத்து ஸ்டார்ட்டை அமுக்கினான்.

பெட்டிக்கு ஒரு பழக்கம், ஓடத் தொடங்கும்போது ஒரு மணி அடித்துவிட்டுத்தான் தொடங்கும். அடித்தது. நாற்பது பேரும் கையை உதறிவிட்டு டீக்குக் கிளம்பினார்கள். வாசலைத் தாண்டுவதற்குள் பதினைந்து செகண்ட் ஆகி மறுபடி அடித்தது. திரும்பி வந்தார்கள். மறுபடி அடித்தது. போனார்கள். அடித்தது. வந்தார்கள்.

"அண்ணே, இது டீ மணி இல்ல!" என்று தம்புசாமி யூனியன் தலைவர் நாகையாவிடம் கெஞ்சினான்.

"அக்ரிமென்ட்லே என்ன இருக்கு? ஒரு மணி அடிச்சா ரெஸ்ட், அடுத்த மணி அடிச்சா வேலை. யூனியன் விட்டுக்குடுக்காது லா," என்று சொல்லிக்கொண்டே நாகையா நாலாவது தடவையாக வெளியே நடந்தார்.

இதற்குள் பெல்ட்டில் ஒரு தட்டு பிஸ்கட் வந்து சேர்ந்திருந்தது. பிஸ்கட்டைத்தான் காணோம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஜாம் குளம், பால் சொட்டச் சொட்ட, நடுவில் ஒரு சீனி மேடு.

தட்டை மேசைக்கடியில் தள்ளினான். முதலில் மணியை அடக்க வேண்டும். டீ இடைவேளை பதினைந்து நிமிஷம்தானே? நிமிஷத்துக்கு மாற்றினான். தொடங்கும்போது ஒரு தடவை அடித்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுவிட்டு மணி அடங்கியது. ஆனால் ஒரே பொத்தான் என்பதால் ஜாமும் நிமிஷத்துக்குப் போய்விட்டது. முதல் பிஸ்கட் குழாய்க்கடியில் நின்றது. இரண்டு நிமிஷம் ஜாம் கொட்டியது. பிஸ்கட் மூழ்கி, பெல்ட் மூழ்கி, தம்புசாமியின் வலது கால் சப்பாத்தும் மூழ்கியது.

"என்னடா தப்பு?" சீட்டையே முறைத்துப் பார்த்தான். அப்போதுதான் அவன் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. ஜாம்! மலாயில் ஜாம் என்றால் மணி நேரம் இல்லையா? இராமலிங்கம் அண்ணன் முதல் வரியிலேயே அலகை எழுதி வைத்திருக்கிறார், நான்தான் மடையன்!

அலகை மணிக்கு மாற்றினான். ஸ்டார்ட்.

மணி அடித்தது. நாகையா நின்று கேட்டார். "அடுத்த மணி எப்போ?"

தம்புசாமி பெட்டியைப் பார்த்தான். பொய் சொல்ல வரவில்லை. "பதினஞ்சு மணி நேரம் கழிச்சு."

"சரி, அப்போ வரோம் லா!" நாற்பது சைக்கிள்களும் கேட்டைத் தாண்டிப் போய்விட்டன.

ஜாம் குழாய் மட்டும் கடமை தவறாமல் ஊற்றியது. அதற்கு இன்னும் ஒரு மணி ஐம்பத்தொன்பது நிமிஷம் பாக்கி. சிவப்புப் பொத்தானை அமுக்க ஓடியவன் வழுக்கி விழுந்து, ஜாமிலேயே சறுக்கிப் போய், தலையால் பொத்தானை அமுக்கினான். எல்லாம் நின்றது. வெள்ளைச் சட்டை ஸ்ட்ராபெரி நிறத்தில் இருந்தது. அழுகையே வந்துவிட்டது.

"என்ன காணும் இது?" வாசலில் வீரசிங்கம் நின்றார். கண்ணாடி கையில் இருந்தது. பக்கத்தில் மிஸ்டர் லிம்.

லிம் காலியான ஹாலைப் பார்த்தார். "வொர்க்கர்ஸ் எங்கே?"

"எல்லாம்... ஓட்டோமெட்டிக்," என்றார் வீரசிங்கம், தொண்டையைச் செருமி.

லிம் கீழே குனிந்தார். மேசைக்கடியில் இருந்த தட்டு கண்ணில் பட்டுவிட்டது. ஒன்றை எடுத்தார். தம்புசாமி கண்ணை மூடிக்கொண்டு லோரியை நினைத்தான்.

"வாவ்!" லிம்மின் தாடையில் ஜாம் வழிந்தது. "மற்ற கம்பெனி எல்லாம் ஜாமைப் பொட்டு மாதிரி வைக்கிறான்! இது பிஸ்கட் லா! டபுள் ஓர்டர். சேம் சேம், ஒன்றும் மாற்றக் கூடாது!"

வீரசிங்கம் மெல்லக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தம்புசாமி, இது எந்த செட்டிங்?"

"செகண்ட் சார். இந்தச் சீட்டுலே உள்ளது." ஜாம் பிசுபிசுத்த கையோடு நீட்டினான்.

வீரசிங்கம் அதைச் சாமி படம் போல இரண்டு கையாலும் வாங்கினார். "இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரிலை மாட்டுவம். ஒருத்தரும் ஒரு நம்பரும் மாத்தப்படாது. மிஸ்டர் சூப்பர்வைசர், விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லும்!"

மிஸ்டர் சூப்பர்வைசர்! சட்டை போனால் என்ன, புஷ்பவல்லி இன்னொன்று தைப்பாள். தம்புசாமி நெஞ்சு விம்மக் குரல் கொடுத்தான். "அக்கா, மூணு டீ!"

சீதாலெட்சுமி வெறுங்கையோடு வந்தாள். இல்லை, கையில் ஒரு சிறிய சீட்டு மட்டும் இருந்தது.

"டீக்கு எங்கே போறது தம்பி? ஜாம் ரெண்டு போத்தல், பால் ஆறு டின், சீனி மூணு கிலோ, தேத்தூள் பதினஞ்சு பாக்கெட்டுன்னு நான் சொல்லச் சொல்லத்தான் ராமலிங்கம் அண்ணே எழுதினாரு; பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துலே அவரு கையிலே குடுத்த இதைக் கொண்டுபோய்க் காட்டினா கடைக்காரர், 'ஜாம் பூஜ்யம் புள்ளி ரெண்டு செகண்டா? அது எந்தக் கடையிலேம்மா விக்கிது?'ன்னு சிரிக்கிறாரு!"