ஏழாம் விதியும் ஏரிச் சேறும்

முழுசாகப் படிக்காத காகிதத்தை நாற்பது பேர் முன்னால் கம்பீரமாக வாசிக்கும் திறமை எனக்கு உண்டு. அந்தத் திறமைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பழவேற்காடு ஏரிக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. திருப்பாலைவனம் சாலையில் ஒரு நண்டு பதப்படுத்தும் கம்பெனியில் மேலாளராகி மூன்றே வாரம். ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் மீனவக் குப்பமான தோணிரேவிலிருந்து சட்டையை இன் செய்துகொண்டு வேலைக்குப் போகும் முதல் ஆள் நான்தான் என்று ஒரு மிதப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து நான்கு பக்க நடத்தை விதிகள் வந்தன. நண்டுச் சதை எடுக்கும் பெண்களை உட்காரவைத்து, ஏழாம் விதியைக் குரல் உயர்த்தி வாசித்தேன்.

"வேலை செய்யும் இடத்தில் காதல் கூடாது. மேலாளர்கள் லீவு நாளிலும் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்."

அஞ்சலை அக்கா கை தூக்கினார். "இந்த நண்டு நாத்தத்துல யாருக்கு சார் லவ்வு வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வந்திருந்தது. தரம் பார்க்கும் பிரிவில் இருந்த தேவகியும் நானும் ஆறு மாதமாகக் காதலித்துக்கொண்டிருந்தோம். (யாருக்கும் தெரியாது என்பது என் நம்பிக்கை.) அவள் கடைசி வரிசையில் நின்று என்னையே பார்த்தாள்.

ஞாயிறு பூநாரை பார்க்கப் போகலாம் என்றேன். "படகு யாரு ஓட்டுவாங்க?" என்றாள். "மீனவன் மகன்கிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றேன். (கடைசியாகப் படகுக் கோல் பிடித்தது எட்டாம் வகுப்பில்.)

நைனாவின், அதாவது என் அப்பாவின், சின்னப் படகில், தெரிந்தவர் யாரும் வராத பக்கமாகக் கோல் ஊன்றிப் போனேன். தூரத்தில் பூநாரைகள் கூட்டமாகத் தெரிந்ததும் நேராக அவற்றை நோக்கியே படகை விட்டேன். பூநாரை நிற்கிற இடத்தில் தண்ணீர் அதன் முழங்காலுக்குக்கூட வராது என்பது மட்டும் அந்தக் குதூகலத்தில் மறந்துபோனது.

படகு சேற்றில் உட்கார்ந்தது. இறங்கித் தள்ளினேன். இரண்டு செருப்பும் உள்ளே போயின, திரும்பி வரவில்லை.

அப்போது, குனிந்தபடி சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள் வந்தார்கள். நிமிர்ந்தார்கள். அத்தனை பேரும் எங்கள் கம்பெனி. முன்னால் அஞ்சலை அக்கா.

"இன்னா சார், இங்க?"

"ஆய்வு," என்றேன். "நண்டு கெடைக்கிற இடத்தை, தரப் பிரிவோட சேர்ந்து..."

"லீவு நாள்லயா?"

படகை மறுபடி தள்ளப் பார்த்தேன். தேவகி படகில் எழுந்து நின்றாள்.

"ஆய்வெல்லாம் இல்லக்கா. நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம்."

எனக்கே அது புதுச் செய்தி. சந்தோஷத்தில் சேற்றுக்குள் நின்றபடி குதிக்கப் பார்த்து மல்லாந்து விழுந்தேன். எழுந்ததும் பயம் பிடித்தது. "தேவகி, வேலை போயிடும்."

"ஏன் போவுது? அடுத்த பக்கத்தைப் படிக்கலையா? லவ் பண்றவங்க மறைக்காம எழுதிக் குடுத்தா போதும், மேலாளரும் அவருக்குக் கீழ இருக்கறவங்களும்னா ஒருத்தரை வேற பிரிவுக்கு மாத்துவாங்கன்னு போட்டிருக்கு. நான் வெள்ளிக்கிழமையே எழுதிக் குடுத்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்களா எழுதுவீங்கன்னு மூணு நாள் பார்த்தேன்."

தொலைந்த செருப்பைத் தேடுவதுபோல் சேற்றில் குனிந்தேன்.

"சார், நீங்க படகுல ஏறிக்குங்க. நாங்க தள்றோம்," என்றார் அஞ்சலை அக்கா. தள்ளியே கரை சேர்த்தார்கள். அங்கே நைனா நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "லவ்வு இருக்கட்டும்டா. தோணிரேவுக்காரன் பூநாரைப் பக்கம் படகு விடுவானா?"

திங்கட்கிழமை நானும் எழுதிக் கொடுத்தேன். மறைத்ததற்கும், விதியைப் பாதி வாசித்ததற்கும் சேர்த்து மேலாளர் நாற்காலியிலிருந்து இறக்கி என்னை ஐஸ் பிரிவில் போட்டார்கள். நியாயம்தான். போகும் முன் எல்லோரையும் மறுபடி உட்காரவைத்து நான்கு பக்கத்தையும் வாசித்தேன். முடித்ததும் இரண்டு பெண்கள் வந்து தாங்களும் எழுதிக் கொடுக்கப் பேப்பர் கேட்டார்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். தேவகிதான் இப்போது மேலாளர். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மகள் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டாள்: அம்மா வாழ்க்கையில் ஒரே ஒரு காதல் கடிதம்தான் எழுதினாள், அதுவும் தலைமை அலுவலகத்துக்கு. அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இதுவரை தெரியாது. தேவகியைக் கேட்டால், "உங்களுக்கு எழுதலையே," என்கிறாள்.