ஏழாம் கட்டம் காலியாக இருந்த கூன்வண்டு

உலகில் உள்ள யாவற்றுக்கும் ஒரு பதிவு எண் உண்டு. எண் இல்லாதது உலகில் இல்லை. இது உயிரினப் பெயர்ப்பதிவுத் துறையின் அசைக்க முடியாத கொள்கை.

அந்தத் துறையின் படிகளை, அங்கே பல வருடமாகத் தற்காலிகப் பணியில் இருக்கும் பூச்சி ஆய்வாளரம்மா பதினோராவது முறையாக ஏறினார். கையில் சின்னக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அட்டைத் துணுக்கில் ஒட்டிய, எள்ளளவே இருக்கும் கூன்வண்டு. மலையுச்சிப் பாசியை இரண்டு வருடம் சல்லடையில் சலித்து, முழங்கால் தேயத் தேடிக் கண்டெடுத்தது. இறக்கை கிடையாது; அந்த உச்சியை விட்டால் அதற்கு வேறு போக்கிடமும் கிடையாது. அங்கேதான் சுற்றுலாக் கோபுரம் கட்டப் பாறையை வெட்டிச் சமமாக்கப் போகிறார்கள். வண்டு பதிவாகிவிட்டால் சட்டப்படி வேலை நிற்கும். பதிவாகாவிட்டால் வண்டினமே மிஞ்சாது.

பிரிவு அலுவலர் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

“ஏழாம் கட்டம் காலியா இருக்கேம்மா. ‘இவ்வினத்தின் முந்தைய பதிவு எண்’.”

“புது இனம் சார். முந்தி எப்படி இருக்கும்?”

“முந்தி இல்லாததை இப்ப இருக்குன்னு நான் எழுதிக் குடுத்தா, நாளைக்குத் தணிக்கையில யாரு பதில் சொல்றது?”

“கையிலயே வச்சிருக்கேனே.”

“கையில இருக்கறது பூச்சி. நான் கேக்கறது பதிவு.” பெட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “மூக்கு நல்லா நீளம். எங்க இயக்குநர் ஜாடை. ஏன், பக்கத்து மலைக்குப் போகட்டுமே?”

“பறக்காது சார்.”

“நடந்து போகட்டும். அதுக்கென்ன ஆபீஸா, நேரத்துக்கு வர்றதுக்கு?”

பன்னிரண்டாவது முறை படியேறுவதற்குள் உச்சி தரைமட்டமாகிவிட்டது.

மறு வாரமே அலுவலர் தாமாகக் கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது.

“அம்மா, அழிந்த இனங்கள் பட்டியல்ல இந்த வருஷ இலக்குக்கு ஒண்ணு குறையுது. உங்க வண்டைக் கொண்டாங்க.”

“ஏழாம் கட்டம்?”

“அந்தப் படிவத்துல ஆறோட சரி. செத்ததை யாரும்மா சந்தேகப்படப் போறாங்க?”

ஆய்வாளரம்மா கோபத்தோடுதான் போனார். அவருடைய பணி நிரந்தர ஆணையும் அதே மேசையில் இருந்ததால், கோபத்தோடே இரண்டிலும் கையெழுத்திட்டார். வண்டுக்கு இயக்குநர் பெயர் வைக்கப்பட்டது.

கோபுரத் திறப்பு விழாவில் ஆளுயர சிமெண்டுக் கூன்வண்டு நின்றது, இரு பக்கமும் இறக்கை விரித்தபடி. படமெடுக்க நீண்ட வரிசை.

“இதுக்கு இறக்கையே கிடையாதே சார்.”

“தெரியும்மா,” என்றார் அலுவலர். “இல்லாம படம் எடுப்பா வராதே. கொஞ்சம் இடது பக்கம் நில்லுங்க, இறக்கை மறைக்குது.”

ஆய்வாளரம்மா நகர்ந்து நின்றார். படம் நன்றாகவே வந்தது.