கடுகு தாளிக்காத மசால்

கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டதும் சகாயராஜ் குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு அடுக்களைக்குள் பாய்ந்தான்.

"ஏட்டி, நிறுத்து! கடுகு ஆகாதுன்னு எத்தன மட்டம் சொன்னேன்?"

ரோஸ்மேரி கரண்டியை உயர்த்திப் பிடித்தபடி நின்றாள். "கை தானாப் போயிட்டு. நான் என்ன செய்ய? எண்ணெ காஞ்சா கடுகு போடத்தான செய்வாவ?"

"பாஸ்காவுக்குக் கடுகு சேக்கக் கூடாதாம். இந்தா, ஏஜென்ட்டு அனுப்பியிருக்கான் பாரு."

"கோதும ஆகாது, அரிசி ஆகாது, பருப்பு ஆகாது. இப்பக் கடுகும் ஆகாது. பொறவு எதத்தான் திங்கா அந்தப் பொம்பள?"

அந்தப் பொம்பளை என்று ரோஸ்மேரி மரியாதையில்லாமல் சொன்னது லண்டனிலிருந்து வரும் ஹெலன் மேடத்தை. அருள்புரத்தில் சகாயராஜ் மெர்ச்சன்டைசராக இருக்கும் பனியன் கம்பெனிக்கு அவர்தான் பயர், சரக்கை வாங்குகிறவர். குழந்தைகள் டி-ஷர்ட் அட்டைப்பெட்டிகளில் அடைத்துத் தயாராக இருந்தது. மேடத்தோடு டேவிட் என்று ஒரு கியூசியும் வருகிறார். பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து லாட்டு பாஸா, ஃபெயிலா என்று எழுதுகிறவர் அவர்தான். அவர் பேனாவை நம்பித்தான் கம்பெனியே மூச்சு விடுகிறது.

சென்னை ஏஜென்ட் முந்தைய நாள்தான் போன் செய்திருந்தார். "பாஸ்கா வாரம். யூதங்க பண்டிகை. மதியத்துக்குக் காய்கறி வச்ச பிளின்ட்ஸ் பண்ணிடுங்க. புதுப் பாத்திரம் முக்கியம்" என்று சொல்லி ஒரு வீடியோவையும் தட்டிவிட்டார். பிளின்ட்ஸ் ஒன்றும் பெரிய வித்தையில்லை. மெல்லிய தோசையில் மசால் வைத்துச் சுருட்டி மடிப்பதுதான். தோசைக்கு மட்டும் முட்டையும் கிழங்கு மாவும்.

முதலாளி முருகவேல் பங்குனி உத்திரத்துக்கு மாலை போட்டிருந்தார். அவர் ஊட்டு வாசப்படியை முட்டை தாண்ட முடியாது.

"பாஸ்கா உங்க வேதத்துல வர்றதுதானப்பா? அப்ப அது உன்ற டிப்பார்ட்மென்ட்டு" என்று சகாயராஜின் தலையில் கட்டிவிட்டார். "மேடம் வயிறாரச் சாப்புடோணும். லாட்டு பாஸ் ஆகோணும். போன லாட்டு மாதிரி இதுவும் ஃபெயிலாச்சுன்னா மூட்டையக் கட்டிக்கிட்டுத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறிக்க."

சொன்னால் செய்கிற மனிதர். சகாயராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தான். பையன் இப்போதுதான் இங்கே பள்ளிக்கூடத்தில் அழாமல் உட்கார ஆரம்பித்திருந்தான். ஊரில் போய் இறங்கினால் அண்ணன் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான். அண்ணி சும்மாவே சாடைமாடையாகப் பேசுகிறவள்.

கடுகு மசாலை ஓரமாக ஒதுக்கிவிட்டு ரோஸ்மேரி முட்டைக்கோஸையும் கேரட்டையும் நறுக்கி வதக்கினாள். வாசனை தூக்கியது. அந்த வாசனைதான் சகாயராஜுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"இதுல என்ன போட்ட?"

"ஒண்ணும் போடல. துளி பெருங்காயம். கோசுல வாயு உண்டும்லா?"

அவன் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தான். எறும்பு சைஸ் எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது.

"பெருங்காயத்துல கோதுமயா? இத்தன வருசமா நம்மள ஏமாத்தியிருக்கானுவ!" என்று ரோஸ்மேரி டப்பாவைப் பார்த்துக் கத்தினாள். கோபம் வேறு பக்கம் திரும்பியதில் சகாயராஜுக்குக் கொஞ்சம் நிம்மதி.

நிம்மதி நீடிக்கவில்லை. போன் அடித்தது. முருகவேல்தான்.

"சகாயராஜு, ரெண்டு பேரும் வந்துட்டாங்க. மேடம் என்ற ரூம்ல இருக்கறாங்க. அந்த டேவிட்டு நேரா செக்கிங் டேபிளுக்குப் போயிட்டான். டீயும் பிஸ்கட்டும் குடுத்தா டீ மட்டும் எடுத்துக்கிட்டுப் பிஸ்கட்ட நகத்தி வச்சுட்டானப்பா."

"பிஸ்கட் பிடிக்காதா இருக்கும் சார்."

"என்ன நீ வெவரமில்லாம பேசற? பிஸ்கட்டு சாப்புடாத கியூசி லாட்ட பாஸ் பண்ணி நான் பாத்ததே இல்ல. நீ சீக்கிரம் வா."

மூன்றாவது மசாலில் உருளைக்கிழங்கோடு பச்சைப் பட்டாணி சேர்ந்திருந்தது. பட்டாணி பருப்பு சாதி என்று ஏஜென்ட் வாட்ஸப்பில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டார். ரோஸ்மேரி உட்கார்ந்து ஒவ்வொரு பட்டாணியாகப் பொறுக்க ஆரம்பித்தாள். பாதியில் கரண்டியை வீசிவிட்டு எழுந்தாள்.

"நான் என்ன, அரிசியில கல்லா பொறுக்குதேன்? புதுசாவே செஞ்சு தொலைக்கேன்."

நாலாவது தடவை உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், மிளகு, உப்பு. அவ்வளவுதான். கடலையெண்ணெய் ஆகாது, நல்லெண்ணெய் ஆகாது என்று வந்ததால் தேங்காயெண்ணெயில் வதக்கினாள்.

"தலைக்குத் தேய்க்கதுல தோசயும் சுடணுமாக்கும்" என்று முனகிக்கொண்டே முட்டையையும் கிழங்கு மாவையும் அடித்துக் கரைத்தாள். பழைய தோசைக்கல் உதவாது என்பதால் காலையில்தான் புது இரும்புக்கல் வாங்கியிருந்தான். புதுக்கல்லைப் பழக்காமல் தோசை வார்த்தால் என்ன ஆகும் என்று கல்யாணமான எல்லாருக்கும் தெரியும். சகாயராஜுக்கு மட்டும் தெரியவில்லை. முதல் தோசை கல்லோடு கல்லாகிவிட்டது. இரண்டாவது கந்தலாக வந்தது. மூன்றாவதைச் சுரண்டும்போது போன் அடித்தது.

"பப்ஸ் வேண்டாங்கறான்! டீ குடுக்கற ராமாத்தாள் அண்டைல போயி நின்னு கெஞ்சிட்டா. நோ, நோங்கறான்!"

"சார், நான் இங்க புதுக் கல்லுல..."

"கல்லாவது மண்ணாவது! அவன் ஒவ்வொரு பீஸையும் கண்ணாடியக் கழட்டி, மாட்டி, கழட்டிப் பாக்கறான். மூஞ்சி கடுகடுன்னு இருக்குது. போன வருசம் இப்படித்தான் ஒருத்தன் நம்ம கையில ஒண்ணும் வாங்காம இருந்து, சாயங்காலம் ஃபெயில்னு எழுதிட்டுப் போனான்."

சகாயராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு பாத்திரக்கடைக்குப் பறந்து நான்-ஸ்டிக் சட்டி ஒன்றை வாங்கி வந்தான். இந்தச் சட்டியில் தோசை ஒட்டவில்லை. வழுக்கியது. முதலாவது அடுப்பு மேடையைத் தாண்டித் தரையில் விழுந்தது. பிறகு ரோஸ்மேரிக்குக் கை பிடிபட்டுவிட்டது. மளமளவென்று சுட்டு, மசால் வைத்து, மடித்து, புது ஹாட்பேக்கில் அடுக்கினாள். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்த சகாயராஜின் கண் விரிந்தது.

"ஏட்டி, நல்லாருக்கு!"

"பின்ன? கடுகு மட்டும் இருந்தா இன்னும் நல்லாருக்கும்."

அவன் கிளம்பும்போது அவள் வாசல் வரை வந்தாள். இவ்வளவு நேரம் கத்தியவள் இப்போது மெதுவாகக் கேட்டாள்: "வேல போயிராதுல்லா?"

அவன் மூடியை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தான். ஹாட்பேக்கை வண்டி முன்னால் வைத்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப் போகிற மாதிரி மேடு பள்ளம் பார்த்து ஓட்டினான்.

கம்பெனி வாசலிலேயே முருகவேல் பச்சை வேட்டியோடு நின்றார். நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்திருந்தது.

"பிரியாணிய மூடி வச்சுட்டானப்பா! ஸ்பெசலா சொல்லி வாங்குன மட்டன் பிரியாணி! தெறந்து பாத்தான், பெருமூச்சு விட்டான், மூடிட்டான். இன்னும் நாலு பெட்டி பிரிக்கச் சொல்றான். முருகா! இந்த மாதிரி நேர்மையான ஆள ஏன்தான் அனுப்பறாங்களோ?"

"பயர் கூடவே உக்கார வச்சுச் சாப்பாடு போட்டா என்ன சார்?"

"கியூசிய யாராவது பயர் பக்கத்துல உக்கார வைப்பாங்களா? அங்க வாயத் தெறந்து எதையாவது சொல்லிப்போட்டான்னா? நீ மேடத்துக்குக் கொண்டு போ."

முதலாளி ரூமுக்கு செக்கிங் ஹால் வழியாகத்தான் போக வேண்டும். சகாயராஜ் சத்தமில்லாமல் சுவரோரமாக நடந்தான். டேவிட் ஒரு டி-ஷர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. ஹாட்பேக் தாண்டியதும் அவர் மூக்கு திரும்பியது. பிறகு ஆளே திரும்பினார்.

"வாட் இஸ் தட்?" என்று கையைக் காட்டினார்.

சகாயராஜ் ஓரடி பின்வாங்கினான். லஞ்சம் என்று நினைத்துவிட்டார்! இன்றைக்கு பிஸ்கட்டு, பப்ஸ், பிரியாணி என்று படையெடுத்ததில் மனிதருக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? ஒரு வார்த்தை தப்பாக வந்தால் இங்கேயே லாட்டு ஃபெயில்.

"நாட் ஃபார் யூ, சார்!" என்று ஹாட்பேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "ஒன்லி ஃபார் மேடம். காட் பிராமிஸ், சார்! ஒன் பீஸ் ஆல்ஸோ நாட் ஃபார் யூ!"

டேவிட் டி-ஷர்ட்டைக் கீழே வைத்தார். "ஐ சீ" என்றார். பிறகு கத்தியை எடுத்து இன்னொரு பெட்டியைக் கிழித்தார். கிழித்த விதம் நன்றாக இல்லை.

மேடம் முதல் பிளின்ட்ஸை முள்கரண்டியால் குத்தி வாயில் போட்டதும் முருகவேல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"ம்ம்ம்! லவ்லி!"

"நோ மஸ்டர்ட், மேடம்! நோ பட்டாணி! நோ பெருங்காயம்!" என்று முருகவேல் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். மேடத்துக்குப் புரிந்ததோ இல்லையோ, அழகாகத் தலையாட்டினார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதையும் எடுத்தார். நடுவில் ஒரு தடவை, "டேவிட் சாப்பிட்டாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஃபுல் லஞ்ச் கிவன், மேடம்!" என்று முருகவேல் கூசாமல் சொன்னார். மூடிவைத்த பிரியாணியும் கொடுத்த கணக்குத்தானே!

மேடம் நிம்மதியாக மீதியையும் காலி செய்து, ஹாட்பேக்கின் அடியில் ஒட்டியிருந்த கேரட்டை முள்கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார். உங்கள் மனைவிக்கு என் வாழ்த்துகள் என்று சகாயராஜின் கையைக் குலுக்கினார். கை கழுவ அவர் வெளியே போனதும் முருகவேல் சகாயராஜின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"கெலிச்சுட்டடா! மேடம் மனசு குளுந்து போச்சு. இனி அந்த டேவிட்டு என்னத்தக் கிழிக்கறான்னு பாத்தர்லாம். நோம்புக்காரங்க வயிறு நெறஞ்சா சாமியே நெறஞ்ச மாதிரியப்பா."

சகாயராஜுக்கு ரோஸ்மேரி வாசலில் கேட்டது ஞாபகம் வந்தது. அவளுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தான்.

அதே நேரத்தில் டேவிட் உள்ளே வந்தார். ரிப்போர்ட் அட்டையை மேசையில் வைத்தார். காலி ஹாட்பேக்கையும், தட்டில் மிச்சமிருந்த மிளகுத் தூளையும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார்.

அவருக்குப் பின்னாலேயே, காலையில் இருவரையும் கோவை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வந்த டிரைவர் மாரப்பன் கதவருகே தலையை நீட்டினார். "வண்டிய எடுக்கட்டுங்களா, மொதலாளி?"

"எடு, எடு. மேடத்துக்கு நோம்புச் சாப்பாடு பிரமாதமா முடிஞ்சுது."

மாரப்பன் காலி ஹாட்பேக்கைப் பார்த்தார். பேனாவோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கு ஏதுங்க நோம்பு? வர்ற வழியில பல்லடத்துல எறங்கி சால்னா ஊத்தி ரெண்டு பரோட்டா சாப்புட்டாங்க. நோம்பு இந்த சாருக்குத்தானுங்க. பாவம், மத்தியானம் இவருக்குன்னு நம்ம கம்பெனியில தனியா சமைக்கறாங்கன்னு அந்தம்மா சொன்னத நம்பி, காலையில இருந்து பட்டினியாக் கெடக்கறாரு."