மூக்கைப் பிடித்த சேட்டு அக்கா

மும்பையில் எத்தனையோ சேட்டுகள் உண்டு. புடவை கட்டி, பூ வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வியாபாரம் பேசிய ஒரே சேட்டு எங்கள் அக்காதான்.

தாராவியில் ஒரு தையல் பட்டறைக்கு மேலே எங்கள் ஆபீஸ். நெல்லைப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் செய்யும் பண்டங்களை மும்பைக் கடைகளில் விற்க உதவுவதுதான் வேலை. காகிதத்தில் இதற்குத் ‘தொழில் வளர்ச்சிச் சேவை’ என்று பெயர். நாங்கள் அவர்களுக்குப் படம் போட்டு விளக்கினோம். ஆலோசகரான அக்கா சொல்லிக்கொடுத்தது ஒரே வார்த்தை: ‘முடியாது’.

அந்தப் பெண்களோ எந்த விலைக்குக் கேட்டாலும் ‘சரிங்க’ என்பார்கள். கருப்பட்டி மிட்டாய் போடும் செல்வி ரொம்ப மோசம். பாதி விலைக்குக் கேட்டவரிடம் சரிங்க என்றதோடு, பார்சல் கூலியையும் தானே தருவதாகச் சொன்னவள். இப்படியே போனால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

அக்கா தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் போன் போடுவாள். “சேட்டு போல்ரா ஹூ, சேட்டு பேசுறேன். மிட்டாய் ஆதா ரேட்ல, பாதி வெலைக்குக் குடுக்குறியா?” செல்வி சரிங்க என்றால் மூக்கை விட்டுவிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவாள். “ஏட்டி, சேட்டு பொண்டாட்டி வந்தா ஒனக்கு அடுப்பு பத்த வப்பா?” அக்காவுக்கு நிஜமாகவே சளி பிடித்த வாரம், மூக்கைப் பிடிக்கிற வேலை மிச்சம்.

ஒருநாள் மாட்டுங்காவில் கடை வைத்திருக்கும் நிஜ சேட்டு செல்வியை அழைத்து விலையைக் குறைக்கச் சொன்னார். தமிழ் தெரிந்தவர், பிறவியிலேயே மூக்கால் பேசுபவர். செல்வி நிதானமாகச் சொன்னாள். “முடியாதுக்கா. மூக்க விட்டுட்டுப் பேசுங்க, மூச்சு முட்டிரப் போவுது.”  சேட்டு அவள் சொன்ன விலைக்கே சம்மதித்தார். மறுநாள் மூக்கு டாக்டரிடம் போனதாகக் கேள்வி.

அப்புறம் ஒரு புது மேனேஜர் வந்தார். இனி ஆலோசனையெல்லாம் மொபைல் ஆப்பில் வரும், அடுத்த மாதத்திலிருந்து அக்கா வர வேண்டாம் என்றார். ஊருக்கெல்லாம் முடியாது சொல்லிக்கொடுத்தவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “சரிங்க சார்” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மனசு கேட்காமல் செல்விக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மறுநாள் காலையில் மேனேஜரின் போன் ஸ்பீக்கரில் ஒரு மூக்கடைத்த குரல். “செல்வி சேட்டு போல்ரா ஹூ. அக்கா இல்லன்னா மிட்டாயும் இல்ல.” அவர் போனை வைத்ததும் அப்பளம் போடுகிறவள், ‘அப்பளச் சேட்டு’. அதற்கடுத்து முறுக்குச் சேட்டு. மத்தியானம் வரை அவரால் டீ கூடக் குடிக்க முடியவில்லை.

கடைசியில் அக்காவைக் கூப்பிட்டு வேலையில் இருக்கச் சொன்னார். சம்பளத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்றார். அக்கா எங்களைப் பார்த்தாள். மெல்ல மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“முடியாது.”

தனக்காக அவள் சொன்ன முதல் முடியாது அது. அதைவிட இனிமையான குரலை மும்பையில் நான் இன்றுவரை கேட்டதில்லை.