விலை குறைத்துக் கேட்காத மருமகன்

விலை குறைத்துக் கேட்பவர்கள் மேல் எனக்கு இப்போது மரியாதை வந்துவிட்டது. பாதி விலைக்குக் கேட்பவர், ஓசியில் கேட்பவர், வணக்கம்கூடச் சொல்லாமல் "லாஸ்ட் பிரைஸ் என்ன?" என்று கேட்டுவிட்டு மறைந்துபோகிறவர், எல்லோருமே நேர்மையானவர்கள். தங்கள் நோக்கத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள். என்னைச் சாய்த்தவர் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்காதவர்.

நான் மலையகத்தில், நோர்வூட் பக்கத்தில் ஒரு தபாலகத்தில் வேலை செய்கிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முத்திரை விற்கிறேன். ஐம்பது ரூபாய் முத்திரையை நாற்பதுக்குத் தர முடியுமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இந்த ஓர் அனுபவத்தை வைத்துக்கொண்டு எனக்கு வியாபாரம் தெரியும் என்று நம்பியிருந்தேன். (நம்பிக்கையைப் பாருங்க.)

விற்க வேண்டியிருந்தது எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய தேக்கு அலுமாரி. கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்தது. என் மனைவி புஷ்பம் கேக் செய்து விற்கிறாள். ஆனால் வீட்டில் ஒவன் கிடையாது. மாவைக் கலந்து தட்டில் ஊற்றி பஜார் பேக்கரிக்கு எடுத்துப்போவாள். பேக்கரி நடத்தும் முஸ்லிம் பெரியவரை எல்லோரும் நானா என்போம். அவர் பாண் போட்டு முடிந்த சூட்டில் அவளுடைய கேக்கையும் வேகவைத்துக் கொடுப்பார். அந்த நானாவுக்கு முதுகுவலி வந்து, பேக்கரியை மூடிவிட்டு மகன் வீட்டுக்குப் போகத் தீர்மானித்தார். மாதம் முடிந்தால் அடுப்பும் முடிந்தது. அதே நேரத்தில் புஷ்பத்துக்கு ஹற்றனில் ஒரு புடவைக் கடைக்காரர் வீட்டிலிருந்து, அவர்கள் குழந்தையின் முதலாவது பிறந்தநாளுக்குக் கேக் ஓடர் வந்தது. மூன்றடுக்கு, அடுத்த மாதத் தொடக்கத்தில் கொடுக்க வேண்டும். அது நன்றாக அமைந்தால் அந்தக் குடும்பத்தின் எல்லா விசேஷங்களும் அவளுக்கு. அமையாவிட்டால், சொன்ன சொல் தவறியவள் என்ற பெயர். ஒவன் வாங்கப் பணம் வேண்டும், வைக்க இடம் வேண்டும். அலுமாரி போனால் இரண்டும் கிடைக்கும்.

மகள் தாரணி படம் எடுத்து இணையத்தில் ஒரு விற்பனைப் பக்கத்தில் போட்டாள். விவரம் எழுதியது நான். நீளம், அகலம், உயரம், பூட்டின் நிலை எல்லாம் எழுதிவிட்டு, "வலது கதவு திறக்கும்போது சற்று முனகும். எண்ணெய் விட்டால் சில நாட்கள் அமைதியாக இருக்கும்" என்றும் சேர்த்தேன். விலை நாற்பத்தையாயிரம் ரூபாய்.

"அப்பா, முனகறதெல்லாம் எதுக்கு எழுதுறீங்க?" என்றாள் தாரணி. வாங்குகிறவருக்கு உண்மை தெரிய வேண்டும் என்றேன். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

பேரம் பேசுகிறவர்களைச் சமாளிக்க நான் முன்கூட்டியே பதில்கள் தயாரித்து போனில் சேமித்து வைத்தேன். குறைத்துக் கேட்பவருக்கு: "தங்கள் விசாரிப்புக்கு நன்றி. விலை நிலையானது." கஷ்டம் சொல்பவருக்கு: "தங்கள் நிலையை உணர்கிறேன். எனினும் விலை நிலையானது." திட்டுபவருக்கு: "தங்கள் கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டது. விலை நிலையானது."

வந்தார்கள். ஒருவர் பதினையாயிரம் என்றார். ஒருவர் பணத்துக்குப் பதில் பால் கறக்கும் ஆடு தருவதாகச் சொன்னார். இன்னொருவர் சிங்களத்தில் என்னை "மல்லி" என்று அழைத்துக் கடைசி விலை கேட்டார். படத்தைப் பார்த்தால் அவருக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை. நான் எப்படி அவருக்குத் தம்பி ஆனேன் என்று தெரியவில்லை. எல்லோருக்கும் தயாரித்த பதிலை அனுப்பினேன். பொகவந்தலாவையிலிருந்து ஒரு பெண்மணி அலுமாரிக்குள் தட்டு எத்தனை என்று கேட்டதற்கு, அவசரத்தில் திட்டுபவருக்கான பதில் போய்விட்டது. அதன் பிறகு அவர் உண்மையிலேயே திட்டினார்.

"இது யாவாரம் பேசுற மாதிரி இல்லப்பா. மணிஓடர் வரலன்னு கடுதாசி போடுற மாதிரி இருக்கு" என்றாள் தாரணி.

இப்படி எல்லோரையும் விரட்டி முடித்த பிறகுதான் வலப்பனையிலிருந்து சிவகுமார் என்பவர் எழுதினார். அவர் விலையைப் பற்றியே பேசவில்லை. "நல்ல சாமான் மாதிரி தெரியுதுங்க ஐயா. ஞாயித்துக்கெழம லொறியோட வாரேன்" என்று மட்டும். பழக்கத்தில் அவருக்கும் "தங்கள் விசாரிப்புக்கு நன்றி. விலை நிலையானது" என்று அனுப்பிவிட்டு, அவருடைய செய்தியைப் புஷ்பத்துக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். உறுதியாக நின்றால் உறுதியான ஆள் வருவார் என்று ஒரு சிறு விளக்கமும் கொடுத்தேன். அவள் அன்றே ஹற்றனுக்குப் போன் செய்து கேக்கை உறுதிப்படுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சிவகுமார் வந்தார். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். லொறிச் சாரதி லொறியிலேயே தூங்கிவிட்டார். சிவகுமார் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, கைகட்டி உள்ளே வந்து, அலுமாரியைப் பார்க்காமல் சுவரில் இருந்த என் அப்பாவின் படத்தைப் பார்த்தார். அப்பா தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலை வாசலில் நிற்கும் படம்.

"இது எந்தத் தோட்டங்க?"

சொன்னேன்.

"அட, எங்க அம்மா பொறந்த தோட்டங்க அது. கல்யாணம் முடிச்சுத்தான் வலப்பனைக்கு வந்தாங்க. எங்க தாத்தா பேரு வீரமுத்து. மேட்டு லயம்."

நம் ஆட்கள் இருவர் சந்தித்தால் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த லயத்து வரிசை வீடு என்று கேட்டுக்கொள்வது வழக்கம்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடக் கேட்போம். நான் "அப்படியா" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு பிழை இருந்தது. பிழையைப் பார்த்தும் பேசாமல் இருப்பது என்னால் முடியாத காரியம்.

"மேட்டு லயத்தில் வீரமுத்து என்று யாரும் இல்லை. அவர் இருந்தது கீழே, பணிய லயத்தில். தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்து வீடு" என்றேன்.

"அப்படிங்களா? அப்ப ஒங்களுக்கு அவரைத் தெரியுமா? ஏதோ தூரத்துச் சொந்தம்னு அம்மா சொல்லுவாங்க."

"தூரம் எங்கே வந்தது?" என்றேன் நான். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஒரு தாளை எடுத்தேன். என் அப்பாவும் வீரமுத்துவும் அக்காள் தங்கை மக்கள். அப்படியென்றால் அண்ணன் தம்பி முறை. வீரமுத்து எனக்குச் சித்தப்பா. அவருடைய மகள் செல்லம்மா எனக்குத் தங்கச்சி. நான் ஹற்றனில் தங்கிப் படித்த காலத்தில் கல்யாணமாகிப் போனவள். பிறகு தொடர்பே இல்லை. கோடு போட்டு, பெயர் எழுதி, அடியில் சிவகுமாரின் பெயருக்கு நான் வந்து சேர்ந்தபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்தது.

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மாமா" என்றார்.

அதுவும் சும்மா மாமா இல்லை. தாயின் அண்ணன். தாய்மாமன். (நானே சரிபார்த்து, நானே கையில் கொடுத்த பதவி.)

புஷ்பம் பிளேன்டீயோடு வந்து கதவருகே நின்றாள். சிவகுமார் டீயை வாங்கிக்கொண்டு, மெல்லிய குரலில், தங்கச்சிக்குக் கல்யாணத்துக்கு ஓர் அலுமாரி கொடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ரொம்ப ஆசை என்றார். அவ்வளவுதான். தாய்மாமன் சீர் என்ற வார்த்தையை அவர் வாயால் சொல்லவேயில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியும். அலுமாரிக்கே தெரிந்திருக்கும்.

"அப்படின்னா நாற்பது கொடுங்க" என்றேன்.

"வேணாம் மாமா. நீங்க சொன்ன வெலைய நான் கொறச்சுக் கேக்க மாட்டேன்" என்று சட்டைப்பையில் கைவைத்தார்.

அந்தக் கை எனக்கு என்னவோ செய்தது. முப்பத்தைந்து என்றேன். அவர் தரையைப் பார்த்தார். தரையைப் பார்ப்பவரிடம் எப்படி முப்பத்தைந்து வாங்குவது? முப்பது என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, அப்பாவின் படத்தை இன்னொரு தரம் பார்த்தார். இருபத்தைந்து. "பாவம், தாத்தா இருந்திருந்தா எவ்ளோ சந்தோசப்படுவாரு" என்றார். இருபது. அதன் பிறகு அவர் ஒன்றுமே சொல்லவில்லை; நான்தான் மௌனம் தாங்காமல் பதினைந்துக்கு இறங்கினேன். முதல் நாள் ஒருவர் இதே தொகையைக் கேட்டதற்கு "விலை நிலையானது" என்று எழுதியவன் நான். இறுதியில், மருமகன் முதன்முதலாக வீட்டுக்கு வந்திருக்கிறாரே என்று லொறிக் கூலியையும் அதிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அலுமாரியை ஏற்ற நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

லொறி போன பிறகு புஷ்பம் காலியான மூலையைக் கூட்டினாள். இடம் கிடைத்துவிட்டது என்றேன். அவள் கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினாள். மாலையில் விஷயத்தைக் கேட்ட தாரணிதான் பேசினாள்: "அவரு பேரமே பேசலப்பா. நீங்களே ஒங்ககிட்ட பேரம் பேசித் தோத்துட்டீங்க."

அந்த வாரத்திலேயே தாரணி போனைக் கொண்டுவந்து காட்டினாள். அதே விற்பனைப் பக்கம், அதே அலுமாரி. விற்பவர் சிவகுமார், விலை அறுபதாயிரம். விவரம் என்னுடைய எழுத்து. முனகல் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிட்டிருந்தார். நான் "இது என்ன மருமகனே?" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. "தங்கள் விசாரிப்புக்கு நன்றி. விலை நிலையானது."

(யார் எழுதியது என்றுகூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார். என் முறைதான்.)

போலீசுக்குப் போகலாமா என்று யோசித்தேன். எதற்கு என்று புகார் எழுதுவது? கேட்ட விலையைத் தர வந்தவரிடம் நானாகக் குறைத்தேன் என்றா? புஷ்பம்தான் முடிவெடுத்தாள். சத்தம் போடவில்லை. "சொந்தம்னு ஆயிருச்சு. மொறையோட போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றாள். நானாவின் அடுப்பில் கடைசியாக ஒரு கேக் போட்டாள். ஒரு சேலை, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, எல்லாம் தட்டில் வைத்துக் கட்டினாள். பிறந்தநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பஸ்ஸில் வலப்பனை போய்ச் சேரும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. முன்னறை முழுக்கப் பழைய கதிரை, கட்டில், மேசை. நடுவில் எங்கள் அலுமாரி. சிவகுமார் வெளியே போயிருந்தார். அவருடைய தங்கச்சி இடுப்பில் ஒரு குழந்தையோடு வந்து கதவைத் திறந்தாள். பாவாடையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. கல்யாணத்துக்கு அலுமாரி கொடுக்க அம்மாவுக்கு ஆசை என்றுதான் அவர் சொன்னார், கல்யாணம் இனிமேல்தான் என்று சொல்லவில்லையே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிழையில்லாத வாக்கியம். மனதுக்குள் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

செல்லம்மா உள்ளேயிருந்து வந்தாள். என் அப்பாவின் பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் தேடி வந்திருக்கிறாரே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தோட்டத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று விசாரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகனைப் பற்றிப் பெருமையாகப் பேச ஆரம்பித்தாள்.

"பழைய சாமான் யாவாரத்துல இவன் மாதிரி ஆளு கெடையாதுண்ணே. இந்த அலுமாரியப் பாருங்க. நோர்வூட்ல யாரோ ஒரு ஏமாளி, பதினஞ்சுக்குக் குடுத்துட்டு லொறிக் கூலியும் குடுத்து அனுப்பியிருக்கான். அவனே தூக்கியும் விட்டானாம்."

நான் அலுமாரியைப் பார்த்தேன். கண்ணாடியில் அந்த ஏமாளி பளபளப்பாகத் தெரிந்தான்.

"நல்ல அலுமாரி" என்றேன்.

"வலது கதவு கொஞ்சம் மொனகும்" என்றாள் புஷ்பம், டீயை ஆற்றிக்கொண்டே.

செல்லம்மா போய்த் திறந்து பார்த்தாள். முனகியது. "எப்படி அண்ணி தெரியும்?"

"இருபத்தஞ்சு வருசமா எங்க சேலையெல்லாம் அதுலதான் இருந்துச்சு."

அந்த நேரம் பார்த்து சிவகுமார் வாசலில் செருப்பைக் கழற்றினார். என்னைப் பார்த்ததும் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். செல்லம்மா கத்தவில்லை. அவள் குரல் இன்னும் தாழ்ந்துதான் போனது.

"தாய்மாமன்கிட்டயாடா யாவாரம் பண்ணுன?"

"மாமாவாத்தான் கொறச்சாரும்மா" என்றார் சிவகுமார். அதுவும் பிழையில்லாத வாக்கியம். ஆனால் அந்த வீட்டில் அது எடுபடவில்லை. அலுமாரியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடு என்றாள் செல்லம்மா. புஷ்பம் குறுக்கிட்டாள். சீராகப் போன பொருளைத் திருப்பி வாங்குவது முறையில்லை, அது மருமகளுக்கே இருக்கட்டும் என்றாள். தங்கச்சிக்காரி அந்த இடத்திலேயே, கையிலிருந்த குழந்தையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, அலுமாரியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைக் கிழித்தாள். அறுபதாயிரம் இரண்டு துண்டாயிற்று.

"அப்ப ஒங்களுக்கு நாங்க என்ன செய்யட்டும் அண்ணி?" என்று செல்லம்மா கேட்டாள்.

புஷ்பம் அவசரப்படவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலுக்குப் பின்னால் சாக்கு போர்த்தி ஒரு கேஸ் ஒவன் இருந்தது. அதை அவள் உள்ளே வந்தவுடனேயே பார்த்துவிட்டாள் என்று பிறகு சொன்னாள். "அது வேல செய்யுமா மருமகனே?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலை ஒவனோடு நாங்களும் லொறியில் திரும்பினோம். புஷ்பம் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால் ஒவனைப் பிடித்துக்கொண்டு, கொத்மலைக் காற்றில் நடுங்கிக்கொண்டு வந்தேன். மூன்றடுக்குக் கேக் ஹற்றனுக்குப் போனது. கடைக்காரர் வீட்டுக் குழந்தையின் அடுத்த பிறந்தநாளுக்கும் அவளிடம்தான் சொன்னார்கள். அலுமாரி மூலையில் ஒவன் நிற்கிறது. சிவகுமார் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வருகிறார், முன்வரிசையில் உட்காருகிறார், நல்ல பிள்ளைதான்.

இப்போது பழைய சாமான் விற்பதெல்லாம் புஷ்பத்தின் பொறுப்பு. போன மாதம் தையல் மெஷினை விற்றாள். குறைத்துக் கேட்டவர்களோடு சிரித்துப் பேசி, கொஞ்சம் குறைத்து, கொஞ்சம் குறைக்காமல், இரண்டு பக்கமும் மனம் நோகாமல் முடித்தாள். வாசலில் ஆள் சத்தம் கேட்டால் தாரணி என்னைப் பார்த்து, "அப்பா, உள்ள போங்க. வர்றவங்க சொந்தக்காரங்களா இருக்கப் போறாங்க" என்பாள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பதும் உண்டு. நானும் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

தையல் மெஷினுக்கு வந்தவர் கொட்டகலைக்காரர். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தன் பெரியம்மா எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிசனில் மூன்றாவது லயத்தில் இருந்ததாகச் சொன்னார். நான்காவது லயம். எனக்கு நன்றாகத் தெரியும். போர்வையின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு, அவர் போகும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.