விளம்பரத்தில் மட்டும் இருந்த அறை

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள், விளம்பரத்தில் சொன்னது வீட்டில் இல்லையென்றால் முகம் சுளிப்பார்கள். முகம் மலர்ந்தவர் இவர் ஒருவர்தான்.

இவருக்கு ஒரு மின்விசிறிக் கம்பெனியில், புகார்ப் பிரிவில் வேலை. ஃபேன் சுற்றவில்லை, சத்தம் போடுகிறது, சத்தம் மட்டும்தான் போடுகிறது என்று வருகிற கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுவது இவர் பொறுப்பு. ஒவ்வொரு பதிலும் 'வருந்துகிறோம்' என்றுதான் ஆரம்பிக்கும். பதினெட்டு வருஷத்தில் இவர் வருந்தாத நாள் கிடையாது. அந்த வருத்தத்தால் ஒரு ஃபேன் சுற்றியதாகவும் தகவல் கிடையாது. ஆபீசில் இவருக்கு 'வருந்துகிறோம் சார்' என்றே பெயர்.

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணைப் பரிசோதிப்பார். எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறவர்களை, அவர்கள் முதல் வரியைப் படிக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவரிடம் பொய் சொல்லலாம் என்று இவர் நினைத்தாரே, அதைத்தான் தொலைநோக்கு இல்லாமை என்பது.

விளம்பரத்தைக் கண்டுபிடித்தவர் மனைவி. இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை, குளியலறையோடு கூடிய தனி விருந்தினர் அறை. கடைசிச் சொற்களுக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"என் தம்பிக்கு இந்த ஊர்லயே வேலை கிடைச்சிருக்குல்ல. அவனுக்கு இடம் கிடைக்கிற வரைக்கும் நம்மகூட இருக்கட்டும். எனக்கு இன்னைக்கு லீவு கிடைக்காது. நீங்க போய்ப் பாருங்க. எல்லாம் சரியா இருந்தா கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுங்க."

தம்பி என்ற சொல் காதில் விழுந்ததும் இவருக்கு முழங்கால் தானாக மடங்கியது. மைத்துனன் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுக்கிறவன். போன தடவை இரண்டு நாளைக்கென்று வந்தவன் இருபத்திரண்டு நாள் தங்கினான். காலை ஐந்து மணிக்குப் போர்வையை உருவினான். சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்தான். "அத்தான், இன்னும் பத்தே பத்து தடவை உக்காந்து எழுந்திருங்க" என்றான். அவன் கிளம்பிய அன்று வழியனுப்பக்கூட இவரால் எழுந்திருக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வேறு. அவன் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டான்.

வீடு முதல் மாடியில் இருந்தது. வீட்டுக்கார அம்மா இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்து கதவைத் திறந்துவிட்டார். இவர் உள்ளே சுற்றி வந்தார். இரண்டு படுக்கையறை இருந்தது. ஹால் இருந்தது. மூலையில் இன்னொரு கதவு. மெல்லத் திறந்தார். உள்ளே மின்சார மீட்டரும் ஒரு துடைப்பமும் இருந்தன.

"விருந்தாளி ரூம் எங்கம்மா?"

"அதைத்தான் சொல்ல வந்தேன் சார். விளம்பரம் எழுதினவர் தப்பாப் போட்டுட்டார். அப்படி ஒண்ணு இந்த மாடியில இல்லை. ஆனா என் வீட்டு விளம்பரம், அதுக்கு நான்தான் பொறுப்பு. கீழ பாத்ரூமோட ஒரு ரூம்ல என் பழைய சாமான் கிடக்கு. பத்து நாள்ல காலி பண்ணிக் குடுத்துடறேன். இல்லைன்னா வாடகையைக் கொஞ்சம் குறைச்சுக்கறேன். ரெண்டும் சரிப்படலைன்னா நீங்க வேற வீடு பாத்துக்கலாம், நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

இப்படி ஒரு நேர்மையான வீட்டுக்காரரை இவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. பார்த்ததும் பயந்துபோனார்.

"அதெல்லாம் எதுவும் வேண்டாம்மா. உங்க சாமான் அது பாட்டுக்கு நிம்மதியா இருக்கட்டும்."

"வாடகையாவது..."

"பேனா இருக்கா?"

குடிவந்த அன்று மனைவி மூலைக் கதவைத் திறந்து மீட்டரைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"நீங்க வந்து பாத்தீங்கதானே?"

"கதவை எண்ணினேன். கணக்கு சரியா இருந்துது. திறந்து பாக்கணும்னு தோணலை. நம்மளை நல்லா ஏமாத்திட்டாங்க."

மனைவி மறுபடி ஒருமுறை அந்த அறையை அளந்து பார்த்தார். "என் தம்பி ஒல்லிதான். ஆனா இவ்வளவு ஒல்லி இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

விஷயம் அதோடு முடிந்தது என்று இவர் நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் சாயங்காலம் மனைவி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஆரம்பித்தார்.

"இன்னைக்கு ஒரு வக்கீலம்மா லென்ஸ் மாத்த வந்தாங்க. பேச்சோட பேச்சாக் கேட்டேன். விளம்பரத்துல சொன்னது வீட்டுல இல்லைன்னா மூணு வழி இருக்காம். சொன்ன ரூமைக் குடுங்கன்னு கேக்கலாம். வாடகையைக் குறைங்கன்னு கேக்கலாம். ரெண்டும் நடக்கலைன்னா ஒப்பந்தத்தை ரத்து பண்ணிட்டுக் கிளம்பலாம். எதுன்னாலும் முதல்ல எழுத்து மூலமாக் கேக்கணுமாம்."

அந்த மூன்றையும் வீட்டுக்கார அம்மா தாமாகவே தட்டில் வைத்து நீட்டியிருந்தார். தட்டைத் தள்ளிவிட்ட கை இதோ மடியில் கிடக்கிறது.

"எழுதறதுதான் உங்களுக்குக் கைவந்த வேலையாச்சே" என்று மனைவி தாளை நீட்டினார்.

எழுதினார். எழுந்து நின்று உரக்கப் படித்தும் காட்டினார். "தாங்கள் வாக்களித்த அறை எங்கே? ஏழு நாளில் பதில் வராவிட்டால் நாங்கள் சும்மா இருக்கமாட்டோம் என்பதைத் தெரிவிப்பதில் வருந்துகிறோம்."

"அந்த வருந்துகிறோமை மட்டும் அடிச்சுடுங்க" என்றார் மனைவி.

அடித்தார். ஆனால் உறைக்குள் போனது வேறு கடிதம். 'மதிப்பிற்குரிய அம்மா, எங்களுக்கு விருந்தினர் அறை வேண்டாம். வாடகைக் குறைப்பும் வேண்டாம். என் மைத்துனன் வராமல் இருப்பதே எனக்குப் பெரிய சலுகை. கீழ் அறையை நன்றாகப் பூட்டி வைக்கவும்.'

வாரம் ஒன்று போயிற்று.

"பதில் வந்துதா?"

"எங்க வருது? கல்நெஞ்சு."

இரண்டாவது கடிதம் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. மூன்றாவதற்கும் பதில் இல்லை என்று சொன்னபோது இவருக்கு உண்மையாகவே கோபம் வந்து குரல் நடுங்கியது. ஒரு மனுஷன் இத்தனை கடிதம் எழுதியும் இப்படி மதிக்காமல் இருப்பார்களா? மைத்துனன் ஏதோ ஒரு சிநேகிதன் வீட்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தான். இவர் ஏழு மணி வரை தூங்கினார். டீயில் இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்டு, "பாவம், உன் தம்பி" என்று கலக்கிக் கலக்கி வருத்தப்பட்டார்.

"அப்ப மூணாவது வழிதான்" என்றார் மனைவி. "இந்த வீடே வேண்டாம். காலி பண்ணிடலாம்."

டீ புரையேறியது. அடுத்த வீட்டில் நிஜமாகவே ஒரு விருந்தாளி அறை இருந்து தொலைத்தால் என்ன செய்வது?

"அவசரப்படாதே. கடைசியா ஒரே ஒரு கடிதம் போட்டுப் பாக்கறேன்."

அந்த நான்காவது கடிதத்தை ஆபீசில் உட்கார்ந்து எழுதினார். மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினார். பாதியிலேயே தாள் நிரம்பிவிட்டது, மனசு காலியாகவில்லை. எழுத்தைக் கடுகளவாக்கி இரண்டு பக்கத்தையும் ஓரம்வரை நிரப்பினார்.

அடுத்த சனிக்கிழமை மாலை வீடு திரும்பியபோது கீழ் அறை திறந்து கிடந்தது. சாமான்கள் போயிருந்தன. தரை கழுவிவிட்டிருந்தது. மேலே இவர் கம்பெனி ஃபேன் ஒன்று, இவருக்கே ஆச்சரியமாக, சுற்றிக்கொண்டிருந்தது. அதே வேகத்தில் இவர் தலையும் சுற்றியது. படியேறி ஹாலுக்குள் நுழைந்தால், மனைவியும் வீட்டுக்கார அம்மாவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் மைத்துனன் சர்க்கரை இல்லாத டீயோடு நின்றான்.

"வாங்க சார்" என்றார் வீட்டுக்கார அம்மா. "உங்களைத்தான் எதிர்பாத்துட்டு இருக்கோம்."

மனைவி நிதானமாகச் சொன்னார். "முந்தாநாள் இவங்க நம்ம கடைக்கு வந்தாங்க. நான்தான் இவங்களைப் பாத்ததே இல்லையே, யாருன்னு தெரியலை. கிட்டத்துல இருக்கற எழுத்து மங்கலா இருக்குன்னாங்க. எந்த மாதிரி எழுத்துன்னு கேட்டேன். பையிலேர்ந்து ஒரு கடிதத்தை எடுத்து, கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மான்னாங்க."

"படிச்சியா?"

"சத்தமாப் படிச்சேன். கடையில ஆறு பேர் இருந்தாங்க."

"என்னைப் பத்தி மட்டும் ஒரு பக்கம் வருதாம், அத்தான்" என்றான் மைத்துனன். கோபமாகச் சொல்லவில்லை. டீயைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

யாரும் சிரிக்கவில்லை. மனைவி குரலைத் தாழ்த்தினார். "அவன் வர்றது பிடிக்கலைன்னா என்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வேற ஏற்பாடு பண்ணியிருப்பேன். ஒன்றரை மாசமா அவன் தரையில படுத்திருக்கான். உங்களுக்கு அது தெரியும்."

"வருந்தறேன்" என்றார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அது ஒருமையில் வந்தது. மைத்துனனின் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவையும் சொன்னார்.

"சரி, விடுங்க அத்தான்" என்றான் அவன்.

மனைவி ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். "ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியிருக்கோம். முதல்ல போட்டவர் நீங்கதான், இதுலயும் நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

"கீழ் ரூமுக்குத் தனி வாடகை எதுவும் கிடையாது சார்" என்றார் வீட்டுக்கார அம்மா. "அதுக்குப் பதிலா உங்க மைத்துனர் தினமும் காலைல என் முழங்காலுக்குப் பயிற்சி குடுக்கறார். ஒரு வருஷத்துக்கு. மொட்டை மாடியில தனியா நின்னு கையைக் காலை ஆட்டக் கூச்சமா இருக்கும், துணைக்கு ஒருத்தர் இருந்தாத் தேவலைன்னேன். உங்க வீட்டம்மா யோசிக்கவே இல்லை, உடனே உங்க பேரைச் சொல்லிட்டாங்க."

"எத்தனை மணிக்கு?"

"நான் ஆறு மணின்னேன். நீங்க அஞ்சு மணிக்கே பழகினவர்னாங்க."

இவர் தாளைப் படித்தார். நான்காவது பத்தியில் எல்லாம் தெளிவாக இருந்தது. வக்கீலம்மா சொன்ன வழிகளை மனசுக்குள் புரட்டினார். ஏதாவது கொடுக்கச் சொல்லிக் கேட்க வாயில்லை. ரத்து செய்துவிட்டுக் கிளம்பப் போக்கிடமில்லை. நடுவில் உள்ளது ஒன்றுதான் பாக்கி.

"இந்த ஒரு வருஷத்தைக் கொஞ்சம் குறைச்சு..." என்று இழுத்தார்.

கடைசி வரியை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்களைப் பார்க்கிற அதே பார்வையில் மனைவி பார்த்தார். இவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

போட்டு நிமிர்வதற்குள் இடுப்பைச் சுற்றி ஏதோ இறுகியது. மைத்துனன் பின்னால் வந்து அளவு நாடாவைச் சுற்றியிருந்தான்.

"மூச்சை உள்ள இழுத்துப் பிடிக்காதீங்க, அத்தான்" என்றான் பணிவாக. "அளவு தப்பா வருது."