இன்பராஜின் கடைவாய்ப்பல்

"பல்ல அடைச்சாச்சி. நாலு நாளைக்குக் கூசும். சூடா, சில்லுன்னு எதுவும் சாப்பிடாதீங்க."

"அதுக்கப்புறமும் கூசுச்சின்னா, சிஸ்டர்?"

"திரும்ப வாங்க, பாத்துக்கலாம்."

ஆம்பூர் பல் கிளினிக்கில் உதவியாளர் கிறிஸ்டினா சொன்ன அந்த "திரும்ப வாங்க"வை நினைத்து நினைத்தே இன்பராஜ் நாலு நாளை ஓட்டினான். ஐந்தாம் நாள் விடிந்தபோது, பாழாய்ப்போன கூச்சம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டிருந்தது. இனி எதைச் சாக்கு வைத்து அவளைப் பார்ப்பது?

போதாக்குறைக்கு அம்மா வேறு குண்டு போட்டாள். "ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சதும் காட்பாடிக்குப் பொண்ணு பாக்கப் போறோம். நல்ல சட்டயா எடுத்து வை."

அன்று சாயங்காலமே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளினிக்கில் போய் நின்றான்.

"இன்னும் கூசுதா?" கிறிஸ்டினா அவனை உற்றுப் பார்த்தாள். "இப்பத்தான் எதிர்க்கடையில உங்கள மாதிரியே ஒருத்தர் ஐஸ் போட்டு ரோஸ் மில்க் குடிச்சாரே?"

"அது என் தோஸ்தா இருக்கும், சிஸ்டர். அதே மாதிரி சட்ட."

அடைத்த இடம் இடிக்கிறதா என்று டாக்டர் ஒரு நீலத்தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்த்தார். பல்லை லேசாக ராவிவிட்டார். கிறிஸ்டினா எச்சில் உறிஞ்சும் குழாயை அவன் வாய்க்குள் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றாள். இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? ஆனால் வாய் முழுக்கக் குழாய்.

மறுநாளும் போனான். "அடைச்சதே சரியில்ல போல" என்று டாக்டர் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைத்தார். இந்த முறை வெந்நீர் பட்டாலே உயிர் போனது.

இன்பராஜ் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கர். தோலில் கடுகளவு கீறல் இருந்தாலும் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறவன். கேன்டீனில் அவன் பங்கு பிரியாணியையும் சேர்த்துச் சாப்பிட்ட நண்பன் புகழேந்தி சிரித்தான்.

"நல்ல பீஸப் போயி ரீவொர்க்குக்கு அனுப்புனா இன்னாடா ஆவும்? கெட்டுத்தான் போவும். பேசாம அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுத் தொலையேன்!"

"கேக்கலாம்னுதான் போறேன். வாயத் தொறந்தா ஏதாச்சும் ஒண்ண உள்ள உட்டுடறாங்கடா!"

சனிக்கிழமை சாயங்காலம். விட்டால் காட்பாடிதான். கிளினிக்கில் வேறு யாருமில்லை. கிறிஸ்டினா அவனை நாற்காலியில் சாய்த்துக் கழுத்தில் துண்டைக் கட்டினாள். தட்டில் ஊசி, கொக்கி, குறடு எல்லாம் வரிசையாக மின்னின.

"இன்னா சிஸ்டர் இதெல்லாம்?"

"ரூட் கெனால். நரம்பையே எடுத்துடணும். டாக்டர் வந்துட்டே இருக்காரு."

"ஐயோ, அவ்ளோ ஜாஸ்தியா ஒண்ணும் வலிக்கல..."

"மூணு தடவ வந்துட்டீங்களே! ஊசி போட்டா வாய் மரத்துடும். எதுனா சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க."

அவள் ஊசியைக் கையில் எடுத்தாள். இன்பராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"பல்லு முந்தியே சரியாயிடிச்சிங்க! நாளைக்கு எங்கம்மா காட்பாடிக்குப் பொண்ணு பாக்கப் போறாங்க. அவங்கள உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா?"

மெல்லக் கண்ணைத் திறந்தான். கிறிஸ்டினா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது, கிளினிக்கைக் கூட்டிப் பெருக்கும் செண்பகம் அக்கா சாவிக்கொத்துடன் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கிறிஸ்டினா, இந்தப் புள்ள கேட்டுட்டாரா இல்லியா? டாக்டர் காலைலயே குடும்பத்தோட ஏலகிரி போய்ட்டாரு, நான் எவ்ளோ நேரம்தான் பூட்டாம காத்துனு இருக்கறது?"